கையடக்கமும் கைவசமும்

பொது அறிவுப் போட்டிக்கு ஆயத்தஞ் செய்துகொண்டிருந்த மாணவனொருவன் சென்ற தவணையில் என்னிடம் வந்து, “கணினியைச் சட்டைப்பைக்குள் அடங்கும்படி செய்தவர் யார், சேர்?” என்று வினவினான். அவனுக்கு வேண்டியிருந்தது ஒரு பெயரும் ஓர் ஆண்டும். விடைத்தாளிலே வினாவுக்கு எதிரேயுள்ள சிறு கோட்டில் அதற்குமேல் எழுத இடமில்லை. நான் சற்றுச் சிந்தித்து நான்கைந்து பெயர்களைச் சொன்னேன். அவன் மனநிறைவடையவில்லை. “ஒன்றை மட்டும் சொல்லுங்கோ” என்றான். அவ்வாறு ஒன்றைச் சொல்ல என்னால் இயலவில்லை. அன்று அவனுக்குச் சொல்லாதுவிட்ட விடையே இக்கட்டுரை.

கருவிகளின் வரலாற்றை மேதைகளின் வரலாறாகக் கூறும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. மேதைகளின் பங்கை மறுப்பது நமது நோக்கமன்று. ஆயினும், ஒரு காலத்துச் சமுதாயத்தின் தேவையும், அதன் அச்சங்களும், மூலதனத்தின் இலாப வேட்கையும், பெயர் தெரியாத பலருடைய உழைப்பும் ஒன்றுகூடும் இடத்திலேதான் கருவிகள் உருப்பெறுகின்றன என்பது மனங்கொள்ளத்தக்கது. சிறு கணினியின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். அவ்வரலாற்றை நோக்கும்போது இரு சொற்களை வேறுபடுத்திக்கொள்ளல் நன்று. ஒன்று கையடக்கம், மற்றது கைவசம். கையிலே அடங்குவனவெல்லாம் நம் வசமானவை அல்ல. ஒரு கருவி என்ன செய்யவேண்டும் என்பதை நாமே தீர்மானித்து, அவ்வாறே அதனைச் செய்விக்கவுங் கூடியபோதுதான் அது நம் வசமாகின்றது. கணினி கையடக்கமான கதை பலராலும் வியந்து கூறப்படுவது. அது யார் வசமாயிற்று என்ற கதை அவ்வளவாகக் கூறப்படுவதில்லை.

* * *

இரண்டாம் உலகப்போர் முடிவுறுந் தறுவாயில் இரு கணிப்புப்பொறிகள் உருவாயின. ஒன்று, அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்திலே கட்டப்பட்ட எனியாக். ஏறத்தாழ 18,000 வால்வுகளையும் 30 தொன் நிறையையுங் கொண்ட அது, ஒரு பெரிய மண்டபத்தையே நிறைத்து நின்றது. பீரங்கிக் குண்டு எவ்வளவு தூரஞ் சென்று எங்கே விழும் என்பதைக் கணித்து அட்டவணைப்படுத்துவதே இராணுவம் அதற்கு இட்ட பணி. அதற்கு முன்னர் அக்கணக்குகளைச் செய்தவர் மனிதரே. அவருள்ளும் பெரும்பாலோர் பெண்கள். ‘கொம்பியூட்டர்’ என்ற ஆங்கிலச் சொல் அக்காலத்திலே பெரும்பாலும் பொறியைக் குறிக்கவில்லை. கணக்குச் செய்து கூலி பெறும் ஆளையே குறித்தது. அப்பெண்களுள் அறுவர் எனியாக்கை இயக்குவதற்குரிய செய்நிரல்களை வகுத்தனர். 1946 பெப்ரவரியில் அப்பொறி உலகுக்கு அறிமுகஞ் செய்யப்பட்டபோது அவர்தம் பங்கு எடுத்துரைக்கப்படவில்லை. ஆளின் பெயரைப் பொறி எடுத்துக்கொண்டது, ஆள் மறைந்துபோனார். இத்தகைய மறைவைப் பின்னரும் பலமுறை காண்போம்.

மற்றைய பொறி ஒரு சிறைமுகாமிலே வரையப்பட்டது. கூர்ட் ஹெர்ட்ஸ்ரார்க் என்பவர் வியன்னா நகரிலே கணிப்புப்பொறி செய்யுங் குடும்பத்திற் பிறந்தவர். அக்காலத்துக் கணிப்புப்பொறிகள் மேசையை விட்டு அகலாதவை. கட்டடம் எழுப்புவோரும் நிலம் அளப்போரும் களத்திலே நின்று கணக்கிடுவதற்கு ஒரு சிறு பொறி இல்லையே என்று குறைப்பட்டதை அவர் அறிந்திருந்தார். ஒவ்வோர் இலக்கத்துக்கும் ஒவ்வோர் உருளை வைப்பதற்குப் பதிலாக, நடுவே ஒரே உருளையை வைத்து இலக்கங்களை அதனைச் சுற்றி அமைக்கலாம் என்றும், கழித்தலைக்கூடக் கூட்டலாக மாற்றிச் செய்விக்கலாம் என்றும் அவர் கண்டார். 1938 அளவில் இத்தத்துவம் அவர் மனத்திலே தெளிவாகிவிட்டது. அவ்வாண்டிலேதான் ஹிட்லரின் படை ஒஸ்திரியாவுட் புகுந்தது.

ஹெர்ட்ஸ்ரார்க்கின் தந்தை யூதர். 1943 ஆம் ஆண்டிலே மகன் கைதுசெய்யப்பட்டுப் புக்கன்வால்ட் வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டார். அங்கே போர்க்கருவிகளுக்குரிய நுண்ணிய உறுப்புகளைச் செய்யுந் தொழிற்சாலையில் அவரை வேலை வாங்கினர். அவருடைய பழைய எண்ணத்தை அறிந்த மேலாளர், அப்பொறியின் படத்தை வரைய அவருக்கு இடமளித்தனர். போர் வென்ற பின்னர் அது ஹிட்லருக்குப் பரிசாக வழங்கப்படும் என்பது அவர்களது திட்டம். கைதி வரைந்தார். வரையும்வரை உயிர் தங்கும் என்ற நம்பிக்கை அன்றி அவருக்கு வேறு கூலி இருக்கவில்லை. 1945 ஏப்பிரலில் முகாம் விடுவிக்கப்பட்டபோது, படங்கள் ஏறக்குறைய முற்றுப்பெற்றிருந்தன. 1948 முதல் லீக்ரென்ஸ்ரைன் என்ற சிறு நாட்டிலே அப்பொறி ‘கூர்ட்டா’ என்ற பெயருடன் உற்பத்தி செய்யப்பட்டது. மிளகு அரைக்கும் சிறு ஆலை போன்ற தோற்றம். உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு. மேலேயுள்ள கைப்பிடியைச் சுற்றினால் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் நான்கும் நடக்கும். மின்சாரம் வேண்டியதில்லை. 1970களின் தொடக்கம்வரை ஏறத்தாழ 140,000 பொறிகள் செய்யப்பட்டன.

பொறி வெற்றியடைந்ததும், முதலிட்டோர் அதனை ஆக்கியவரின் பங்கைப் பெறுமதியற்றதாக்க முயன்றனர். காப்புரிமைப் பத்திரங்கள் இன்னும் அவர் பெயரிலேயே இருந்தமையால்தான் அவர் தமக்குரிய ஈட்டைப் பெற முடிந்தது. வதைமுகாமிலே உயிர் தப்பியவரை வெளியே வரவேற்றது இந்த முதலீட்டு உலகம்.

கூர்ட்டா கணினியன்று, அது பற்சக்கரங்களாலான கணிப்புப்பொறியே. எனினும், கணிக்கும் ஆற்றல் ஒருவனது கையிலேயே இருக்கவேண்டும் என்ற விருப்பம் மின்னணுக்கருவிகளுக்கு முந்தியது என்பதை அது காட்டுகின்றது. அவ்விருப்பத்தை நிறைவேற்றும் வேறொரு வழி அதே ஆண்டுகளில் அமெரிக்காவிலே திறந்தது.

* * *

1947 டிசெம்பரில் பெல் ஆய்வுகூடத்திலே பார்டீன், பிராட்டைன், ஷொக்லி ஆகியோரின் முயற்சியால் திரான்சிற்றர் பிறந்தது. வால்வு செய்த வேலையை மிகச் சிறிய இடத்தில், மிகக் குறைந்த மின்சாரத்திலே செய்தது அது. நம் ஊர்களிலே அச்சொல் சிறு வானொலிப் பெட்டிக்கே பெயராயிற்று என்பதை முதியோர் அறிவர். 1958 இல் ரெக்சாஸ் இன்ஸ்ருமென்ற்ஸ் கம்பனியைச் சேர்ந்த ஜக் கில்பியும், 1959 இல் பெயார்சைல்ட் கம்பனியைச் சேர்ந்த ரொபேட் நொய்சும் பல திரான்சிற்றர்களை ஒரே சில்லிலே அமைக்கும் முறைகளைத் தனித்தனியே கண்டனர். ஒருங்கிணைந்த சுற்று என்பது இதுவே.

ஆனால், அக்கண்டுபிடிப்பு உடனே மக்களை அடைந்துவிடவில்லை. தொடக்கத்திலே அச்சில்லுகளின் விலை மிக அதிகம். அவ்விலை கொடுத்து வாங்கியோர் யாவர்? கண்டம் விட்டுக் கண்டம் பாயும் மினிற்மன் ஏவுகணையை அமைத்தோரும், சந்திரனுக்குச் செல்லும் அப்பல்லோக் கலத்தை அமைத்தோரும் அவருள் முதன்மையானோர். பனிப்போரின் அச்சமும் போட்டியும், அமெரிக்க மக்களின் வரிப்பணமுஞ் சேர்ந்து அச்சில்லுகளின் உற்பத்தியைப் பெருக்கின. பெருகப் பெருக விலை வீழ்ந்தது. ‘தனியார் முயற்சியின் வெற்றி’ என்று பின்னர் பாடப்பட்ட ஒன்றின் தொட்டிலை அரசே ஆட்டியது என்பதை மறத்தலாகாது.

அப்பல்லோவின் வழிகாட்டுங் கணினி ஏறத்தாழ 32 கிலோகிராம் நிறையுள்ளது. அதுவரை அறைகளை நிறைத்துவந்த கணினி ஒரு பயணப்பெட்டியின் அளவுக்கு வந்துவிட்டது. அதன் நிரந்தர நினைவகம் நெய்யப்பட்ட ஒன்று என்றால் வாசகர் வியப்புறக்கூடும். நெசவாலைகளாலும் கைக்கடிகாரத் தொழிலாலும் பெயர்பெற்ற வோல்தம் என்னும் ஊரிலுள்ள தொழிற்சாலையிலே, பெண்கள் நுண்ணிய கம்பிகளைச் சிறு காந்த வளையங்களினூடே கோத்தனர். கம்பி வளையத்தினுள்ளே சென்றால் ஒன்று. வெளியே சென்றால் பூச்சியம். ஒரு கம்பி தவறினாலும் கணக்குத் தவறும். சந்திரனிலே கால்வைத்தவர் பெயரை நாம் அறிவோம். அவரை அங்குக் கொண்டு சேர்த்த கணக்கை இழையிழையாகக் கோத்த கைகளுக்கு வரலாற்று நூல்களிலே ஒரு வரி கிடைப்பதும் அரிது.

1965 ஆம் ஆண்டிலே பெயார்சைல்ட் கம்பனி, நியூ மெக்சிக்கோ மாநிலத்தில் நவஹோ என்னும் ஆதிக்குடியினர் வாழும் சிப்றொக் என்ற இடத்தில் ஒரு தொழிற்சாலையைத் தொடங்கியது. அங்கு வேலைசெய்தோருட் பெரும்பாலோர் நவஹோப் பெண்கள். கம்பளம் நெய்யும் மரபினராதலால் நுண்ணிய சில்லு வேலை அவர் கைகளுக்கு இயல்பானது என்று கம்பனி தன் விளம்பர ஏட்டிலே எழுதியது. கம்பளத்தின் கோலத்தையுஞ் சில்லின் கோலத்தையும் ஒப்பிட்டுங் காட்டியது. குறைந்த கூலிக்கு வேலை வாங்குவதற்குப் பண்பாட்டுப் புகழ்ச்சி ஒரு போர்வையாயிற்று. 1975 ஆம் ஆண்டிலே ஆட்குறைப்பு நிகழ்ந்தபோது அமெரிக்க இந்தியர் இயக்கத்தினர் அத்தொழிற்சாலையைக் கைப்பற்றி எதிர்ப்புத் தெரிவித்தனர். கம்பனி தொழிற்சாலையையே மூடிவிட்டது. அதற்குள் அதன் கிளைகள் ஆசியாவிலே வேரூன்றியிருந்தன. 1963 இலேயே ஹொங்கொங்கிற் சில்லுகளைக் கோக்கும் வேலை தொடங்கியிருந்தது. 1972 இல் இன்ரெல் கம்பனி மலேசியாவின் பினாங்குத் தீவிலே தன் முதலாவது வெளிநாட்டுத் தொழிற்சாலையை நிறுவியது. கருவி எவ்வளவுக்குச் சிறுத்ததோ அவ்வளவுக்கு அதனை ஆக்கிய கைகளுந் தூரத்தே சென்று மறைந்தன.

* * *

இனி, கணினி எவ்வாறு சட்டைப்பையை நெருங்கியது என்பதை நோக்குவோம். 1969 ஆம் ஆண்டிலே பிசிக்கொம் என்ற ஜப்பானியக் கணிகருவிக் கம்பனி தன் பொறிகளுக்குரிய சில்லுகளைச் செய்துதருமாறு இன்ரெல்லை நாடியது. ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு சில்லாகப் பல சில்லுகள் வேண்டுமென்பது அதன் கோரிக்கை. அவ்வாறன்றி, செய்நிரலை மாற்றினால் எவ்வேலையையுஞ் செய்யவல்ல ஒரே பொதுச் சில்லை அமைக்கலாம் என்று ரெட் ஹொவ் யோசனை கூறினார். ஸ்ரான்லி மேசர் துணைநின்றார். இத்தாலியிலிருந்து வந்த பெடெரிக்கோ பஜீன் அதனைச் சிலிக்கனிலே வடித்தார். பிசிக்கொம்மின் சார்பில் வந்த மசதோஷி ஷிமா அவருடன் இணைந்து உழைத்தார். 1971 நவம்பரில் வெளிவந்த 4004 என்னும் அச்சில்லிலே 2,300 திரான்சிற்றர்கள் இருந்தன. கணினியின் மூளை எனத்தக்க பகுதி முழுவதும் ஒரு விரல்நகத்திலும் சிறிய இடத்துள் வந்துவிட்டது. இதனையே நுண்முறைவழியாக்கி என்கின்றோம்.

அச்சில்லின் உரிமை முதலிற் பிசிக்கொம்முக்கே இருந்தது. நிதி நெருக்கடியிற் சிக்கிய அக்கம்பனியிடமிருந்து, கணிகருவி அல்லாத பிற பயன்களுக்குரிய உரிமையை இன்ரெல் 60,000 டொலருக்கு மீட்டுக்கொண்டது. 1974 இல் பிசிக்கொம் வீழ்ச்சியுற்றது. மூன்று நாட்டவர் கூடி ஆக்கிய ஒன்று ஒரு கம்பனியின் செல்வமாயிற்று.

1972 இல் ஹியூலெற் பக்காட் கம்பனி HP எழுத்துகளோடு 35 என்ற இலக்கத்தைச் சேர்த்துப் பெயரிட்ட கணிகருவியை வெளியிட்டது. அதிலிருந்த சாவிகளின் தொகையே அவ்விலக்கம். சட்டைப்பையிலே அடங்கவேண்டும் என்பது கம்பனித் தலைவர் இட்ட நிபந்தனை. மடக்கை, திரிகோணகணிதச் சார்புகள் யாவும் ஒரு சாவியழுத்திலே கிடைத்தன. விலை 395 டொலர். மூன்று நூற்றாண்டுகளாகப் பொறியியலாளர் கையிலிருந்த வழுக்குக்கோல் சில ஆண்டுகளிலேயே காட்சிப்பொருளாயிற்று. 1974 இல் அதே கம்பனி வெளியிட்ட 65 ஆம் இலக்கக் கருவி மேலும் ஒருபடி சென்றது. 100 படிகள் கொண்ட செய்நிரலை உரியவர் தாமே எழுதி, ஒரு சிறு காந்த அட்டையிலே பதிந்து வைத்துக்கொள்ளலாம். விலை 795 டொலர். இது முக்கியமான திருப்பம். தரப்பட்ட சாவிகளை அழுத்துவோன் கருவியைப் பயன்படுத்துகின்றான். செய்நிரல் எழுதுவோனோ கருவியை ஆளுகின்றான்.

திரவப் பளிங்குத் திரையின் வருகையும் இங்குக் குறிப்பிடத்தக்கது. ஒளிரும் இலக்கங்கள் மின்கலத்தை விரைவில் உண்டுவிடும். 1973 இல் ஜப்பானின் ஷார்ப் கம்பனி திரவப் பளிங்குத் திரைகொண்ட கணிகருவியை விற்பனைக்கு விட்டபோது, ஒரு சிறு மின்கலமே நெடுநேரத்துக்குப் போதுமாயிற்று. அதே கம்பனி 1980 இல் வெளியிட்ட பீசி-1211 என்னும் பொறியே, பேசிக் மொழியிலே செய்நிரல் எழுதக்கூடிய சட்டைப்பைக் கணினியாக முதலிற் பரவியது எனலாம். திரையிலே ஒரேயொரு வரி; அவ்வரியில் 24 எழுத்துகள். நினைவகமோ இன்றைய ஒரு கடிதத்துக்குக்கூடப் போதாது. எனினும், அதை வாங்கிய மாணவன் தானே வகுத்த கணக்கை அதற்குக் கற்பிக்க முடிந்தது.

* * *

சந்தையிலே இவ்வாறு ஒரு வழி திறந்துகொண்டிருக்கையில், ஆய்வுகூடத்திலே வேறொரு கனவு உருவாகியிருந்தது. ஆசிரியர்களாகிய நாம் அதனை அறிந்திருத்தல் வேண்டும். 1968 ஆம் ஆண்டிலே அலன் கே என்ற இளம் ஆய்வாளர் சீமூர் பேப்பர்ட்டின் பணியைக் காணச் சென்றார். பேப்பர்ட் தென்னாபிரிக்காவிற் பிறந்து, நிறவெறி ஆட்சியை எதிர்த்து நின்றவர். பின்னர் ஜெனீவாவிலே பியாஜேயுடன் பணியாற்றிக் குழந்தைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்தவர். லோகோ என்னும் எளிய மொழியிலே சிறுவர் தாமே கணினிக்குக் கட்டளை எழுதுவதை அலன் கே அங்குக் கண்டார். கணினி பெரியோரின் அலுவலகத்துக்குரியது என்ற எண்ணம் அவரிடம் தகர்ந்தது. 1972 இல், சீறொக்ஸ் கம்பனியின் ஆய்வுநிலையத்திலிருந்து, எல்லா வயதுக் குழந்தைகளுக்குமான சொந்தக் கணினி என்ற பொருளில் ஒரு கட்டுரை எழுதினார். கொப்பி அளவான ஒரு பொறி. நான்கு இறாத்தலுக்குட்பட்ட நிறை. 500 டொலர் அளவான விலை. குழந்தை அதிலே வாசிக்கும், எழுதும், வரையும், தன் விளையாட்டைத் தானே ஆக்கும். ‘டைனாபுக்’ என்று அதற்குப் பெயரிட்டார். அதனைச் செய்யத்தக்க திரையும் நினைவகமும் அன்று இருக்கவில்லை. 1978 அளவில் அவருடைய குழுவினர் ‘நோட்ரேக்கர்’ என்ற பொறிகள் சுமார் பத்தை அமைத்தனர். ஒவ்வொன்றும் 22 கிலோகிராம் அளவு நிறையுடையது. கம்பனி அதனைச் சந்தைக்கு விடவில்லை.

சந்தைக்கு வந்தவை வேறு. 1975 இல் ஐபிஎம் வெளியிட்ட 5100 என்னும் பொறி ஏறத்தாழ 25 கிலோகிராம் நிறை. விலை 9,000 டொலரிலிருந்து 20,000 டொலர்வரை. 1982 இல் வந்த கிறிட் கொம்பஸ் இன்றைய மடிக்கணினிபோல மடித்து மூடும் வடிவினது. பில் மொக்றிஜ் என்ற வடிவமைப்பாளரின் ஆக்கம். அதன் விலை 8,150 டொலர். அமெரிக்க இராணுவமும் விண்வெளி நிறுவனமும் பெருங் கம்பனி அதிகாரிகளுமே அதனை வாங்கினர். குழந்தைக்காகக் கனவு காணப்பட்ட கருவி, தளபதியின் மடியிலும் முகாமையாளரின் மடியிலும் போய் அமர்ந்தது.

இவற்றினிடையே 1981 ஏப்பிரலில் வெளிவந்த ஒஸ்போர்ன்-1 தனித்துக் குறிப்பிடத்தக்கது. அதனை வெளியிட்ட அடம் ஒஸ்போர்ன், ரமண மகரிஷியின் அடியவரான ஆதர் ஒஸ்போர்னின் மகன். திருவண்ணாமலையிலே தமிழ் ஒலி கேட்டு வளர்ந்தவர். கொடைக்கானலிற் பள்ளி சென்றவர். அப்பொறியை வடிவமைத்த லீ பெல்சன்ஸ்ரைன், 1964 இல் பேர்க்லி மாணவர் நடத்திய பேச்சுரிமைப் போராட்டத்திலே பங்குகொண்டவர். 1973 இல் அவரும் தோழரும் அந்நகரின் இசைத்தட்டுக் கடையொன்றிலே பொதுமக்கள் பயன்பாட்டுக்கென ஒரு கணினி முனையத்தை வைத்தனர். வழிப்போக்கர் எவரும் அதிலே செய்தி எழுதலாம், பிறர் எழுதியதைத் தேடிப் படிக்கலாம். கணினியைக் கண்டு அஞ்சிய அக்கால இளைஞருக்கு, அதனை ஊர்ச் சந்தியின் அறிவித்தற் பலகையாக்கிக் காட்டினர்.

ஒஸ்போர்ன்-1 தையல் இயந்திரப் பெட்டியின் அளவு. 11 கிலோகிராம் நிறை. ஐந்து அங்குலத் திரை. மின்கலம் இல்லாமையால் தூக்கிச் செல்லலாமேயன்றி வழியிலே பயன்படுத்த முடியாது. ஆனால், எழுதுவதற்கும் கணக்கிடுவதற்கும் வேண்டிய மென்பொருள்களுடன் 1,795 டொலருக்கே அது கிடைத்தது. அக்காலத்திலே அது பெருமலிவு. ஒரு கட்டத்தில் மாதத்துக்குப் பத்தாயிரம் பொறிகள் விற்பனையாயின. ஆயினும், 1983 செப்ரெம்பரில் கம்பனி முறிந்தது. வரவிருக்கும் புதிய பொறியைப் பற்றிய செய்தி பழைய பொறியின் விற்பனையை நிறுத்திவிட்டது என்பர். ஐபிஎம் வழிவந்த பொறிகளின் போட்டியும் அதனை நெருக்கிற்று. ஒஸ்போர்ன் 2003 இல் கொடைக்கானலிலே காலமானார். மலிவான கருவியை மக்களுக்குத் தரும் விருப்பம் ஒருவனிடம் இருந்தாலும், சந்தையின் விதி அவ்விருப்பத்துக்குக் கட்டுப்பட்டதன்று.

* * *

1982, 1983 ஆம் ஆண்டுகளில் இரு சிறு பொறிகள் கையடக்கத்தையும் கைவசத்தையும் சிறிது காலம் ஒருங்கே தந்தன. ஒன்று ஜப்பானின் எப்சன் கம்பனி செய்த எச்எக்ஸ்-20. ஒரு கடிதத்தாளின் அளவு, 1.6 கிலோகிராம், நான்கு வரித் திரை, சிறு அச்சுப்பொறியும் ஒலிநாடாப் பகுதியும் உடன் அமைந்தவை. மற்றது, கியோசெரா என்ற ஜப்பானிய நிறுவனம் செய்ய, அமெரிக்காவிலே ரேடியோ ஷக் விற்ற மொடல் 100. எட்டு வரித் திரை, நல்ல சாவிப்பலகை, சாதாரணச் சிறு மின்கலங்கள் நான்கிலே ஏறத்தாழ 20 மணி நேரம் இயங்கும், தொலைபேசிக் கம்பி வழியே செய்தி அனுப்பும். பத்திரிகை நிருபர்கள் அதனை விரும்பி வாங்கினர். நிகழ்ச்சி நடந்த இடத்திலிருந்தே எழுதி, அருகிலுள்ள தொலைபேசியூடாகத் தம் அலுவலகத்துக்கு அனுப்பினர். இவ்விரு பொறிகளுக்கும் பொதுவான இயல்பொன்று உண்டு. பேசிக் மொழி இவற்றுள்ளேயே பதிந்திருந்தது. செய்நிரல் எழுத விரும்புவோர் எவரிடமும் அனுமதி கேட்கவேண்டியதில்லை. வேறெதனையும் விலைகொடுத்து வாங்கவேண்டியதுமில்லை.

பின்னர் வந்தவை ஒவ்வொன்றாகச் சிறுத்தன. 1984 இல் பிரித்தானியாவின் சயன் கம்பனி ‘ஓர்கனைசர்’ என்ற சட்டைப்பைப் பொறியை வெளியிட்டது. 1991 இல் ஹியூலெற் பக்காட் வெளியிட்ட 95எல்எக்ஸ் பொறியினுள், நிதித்துறையினர் நாடும் லோட்டஸ் கணக்கேட்டு மென்பொருளே பதிந்திருந்தது. 1993 இல் அப்பிளின் நியூட்டன், 1994 இல் தொலைபேசியையும் கணினியையும் இணைத்த ஐபிஎம் சைமன், 1996 இல் பாம் பைலட் எனத் தொடர்ந்தன. பாம் பைலட்டை ஆக்கிய ஜெப் ஹோக்கின்ஸ், பொறி செய்வதற்கு முன்னர் அதே அளவான மரத்துண்டொன்றைச் சட்டைப்பையிலே வைத்துக்கொண்டு திரிந்தார். சந்திப்பு நேரம் குறிக்கவேண்டியபோதெல்லாம் மரத்துண்டை எடுத்து எழுதுவதுபோற் பாவனை செய்தார். மனிதனின் உடலையும் பழக்கத்தையும் அளவுகோலாகக் கொண்ட நல்ல முறை அது. ஆயினும், அவர் சட்டைப்பை நாட்குறிப்பு நிறைந்த ஓர் அலுவலரின் சட்டைப்பை. அத்தகைய மனிதரின் தேவையே இக்கருவிகள் பலவற்றை உருவாக்கியது.

2007 ஆம் ஆண்டிலே ஐபோன் வெளிவந்தபோது, எனியாக்கைப் பன்மடங்கு விஞ்சிய ஆற்றல் ஒரு தொலைபேசிக்குள் அமைந்திருந்தது. ஆனால், கம்பனி தந்த செய்நிரல்களைத் தவிர வேறெதனையும் அதிலே நிறுவுவதற்கு முதலில் இடமிருக்கவில்லை. 2008 இல் கம்பனியே ஒரு கடையைத் திறந்தது. அக்கடை ஏற்றவை மட்டும் கருவிக்குட் செல்லலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் வற்புறுத்திய பின்னர், 2024 இலேதான், அந்நாடுகளில் வேறு கடைகளுக்கும் வழி பிறந்தது. 1980 இல் 24 எழுத்துத் திரையுடைய சிறு பொறியை வைத்திருந்த மாணவனுக்கு இயல்பாயிருந்த உரிமை, கால் நூற்றாண்டின் பின் கம்பனியின் அனுமதியாயிற்று. கணினி கைக்குள் அடங்கிய அதே காலத்திலே, அதன் திறவுகோல் வேறொருவர் கைக்குச் சென்றுவிட்டது.

இதற்கு மாறான முயற்சிகளும் உண்டு. 2001 ஆம் ஆண்டளவில் பெங்களூரிலே இந்திய விஞ்ஞானக் கழகத்துப் பேராசிரியர் சிலரும் பொறியியலாளருஞ் சேர்ந்து ‘சிம்பியூட்டர்’ என்ற கையடக்கக் கணினியை வகுத்தனர். எழுத்தறியாதவருக்கு இந்திய மொழிகளிலே வாசித்துக் காட்டுவதும், ஒரு கிராமத்தவர் பலர் ஒரே பொறியைத் தத்தம் அட்டையைச் செருகிப் பகிர்ந்துகொள்வதும் அவர்களது எண்ணம். பொறியின் வடிவமைப்பையே பொதுவுடைமையாக்கும் உரிமப்பத்திரமும் எழுதினர். 2004 இல் விற்பனை தொடங்கியது; சில ஆயிரம் பொறிகளே விலைபோயின. எதிர்பார்த்த அளவுக்கு அரசின் ஆதரவு கிடைக்கவில்லை. மலிவான கைத்தொலைபேசி அதனை முந்திவிட்டது. மினிற்மன் ஏவுகணைக்காகச் சில்லுகளை வாங்கிக் குவித்த அரசைப்போல, ஏழையின் கணினிக்காக வாங்கிக் குவிக்கும் அரசு வாய்க்கவில்லை. தொழில்நுட்பம் எத்திசையிலே வளரும் என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது, அதற்கு முதலில் விலைகொடுப்பவர் யார் என்பதே.

* * *

இவ்வரலாற்றிலிருந்து, கைத்தொலைபேசியை வீசியெறிய வேண்டும் என்ற முடிவுக்கு எவரும் வரவேண்டியதில்லை. கருவியைக் குறைகூறுவோன், அதனை ஆக்கிய உழைப்பையுஞ் சேர்த்தே இழிவுபடுத்துகின்றான். வதைமுகாமிலே வரைந்தவரும், காந்த வளையத்திலே கம்பி கோத்தவரும், சிப்றொக்கிலும் பினாங்கிலும் நுணுக்குக்காட்டியின் மீது குனிந்து கண் மங்கியவருமே மனித குலத்துக்கு இக்கொடையை அளித்தனர். அதனை நாம் உரிமையோடு ஏற்கவேண்டும். உரிமையோடு ஏற்பதாவது, அதன் உள்ளே என்ன நடக்கின்றது என்பதை அறிந்து, நம் சொற்படி அதனை நடத்தக் கற்பதாகும்.

இங்கேதான் பாடசாலையின் கடமை வருகின்றது. கணினி வகுப்புகளிலே மாணவருக்கு நாம் பெரும்பாலும் கற்பிப்பது, பிறர் ஆக்கிய மென்பொருளில் எந்தப் பொத்தானை எப்போது அழுத்தவேண்டும் என்பதையே. செய்நிரல் எழுதும் பகுதி சில புள்ளிகளுக்குரிய அலகாகக் கருதப்பட்டு, தவணையின் கடைசி வாரத்திலே அவசரமாக முடிக்கப்படுகின்றது. இக்குற்றத்துக்கு நானும் விலக்கானவனல்லன். நான் தமிழாசிரியன், கணினி என் பாடமன்று என்று ஒதுங்கியிருந்தேன். ஆனால், எழுதத் தெரியாது வாசிக்க மட்டும் தெரிந்த ஒருவனைப் பிறர் எழுதியதற்கெல்லாம் கட்டுப்பட்டவனாகவே கருதுகின்றோம் அல்லவா? செய்நிரலும் ஒருவகை எழுத்தே. அதை அறியாத தலைமுறை, எத்துணைச் சிறந்த கருவியைக் கையிலே வைத்திருப்பினும், பிறர் எழுதிய வரிகளின்படி நடக்கும் தலைமுறையாகவே இருக்கும்.

போட்டி முடிந்த பின்னர் அம்மாணவன் மீண்டும் என்னிடம் வந்தான். அவ்வினா வரவில்லை என்றான். நான் அவனுக்குக் கூர்ட்டாவின் கதையையும், கம்பி கோத்த பெண்களின் கதையையுஞ் சொன்னேன். நெடுநேரம் கேட்டிருந்துவிட்டு, தன் கைத்தொலைபேசியை எடுத்து மேசையின்மீது வைத்து, “இதிலே நானே ஒரு செய்நிரல் எழுத முடியுமோ, சேர்?” என்றான். பொது அறிவு நூலிலே அவ்வினாவுக்கு விடையில்லை. கணித ஆசிரியரையும் அழைத்துக்கொண்டு, வருகின்ற சனிக்கிழமை மூவருமாக அமர்ந்து முயல்வதாக முடிவுசெய்துள்ளோம்.